ஊர்வுச் சோதனை

வெயிலுகந்தபுரத்துப் புது ரோட்டில் முதன்முதலாகப் புதைந்தவள் பலசரக்குக் கடை ஆவுடையப்பனின் மருமகள் சிவகாமி. கல்யாணம் முடிந்து முதல் தடவையாகப் பிறந்த வீட்டுக்குப் போக, சித்திரை வெயிலில் கையில் பலகாரப் பையோடு பஸ்ஸுக்கு நின்றவள், பஸ் வந்து ஹாரன் அடித்தபோது காலை எடுக்க முடியாமல் குனிந்து பார்த்தாள். புடவைக் கரையோடு கணுக்கால்வரை தாருக்குள் இறங்கியிருந்தாள். அவளுக்குப் பக்கத்திலேயே, அதே வெயிலில், அதே நேரம் முழுக்க, அவளைப்போல இரண்டு பங்கு எடையுள்ள மாமனார் ஆவுடையப்பன் நின்றிருந்தார்; அவர் செருப்பில் ஒரு பொட்டுத் தார்கூட ஒட்டவில்லை. கண்டக்டர் இறங்கி வந்து, டிரைவர் இறங்கி வந்து, பஸ்ஸில் இருந்தவர்களில் பாதிப் பேர் இறங்கி வந்து அவளைப் பிடுங்கி எடுத்தார்கள். ரோடு முழுக்கக் கொதித்தாலும் புதைந்த இடத்தில் மட்டும் தார் வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ கால் பிடித்துவிடுவதுபோல இருந்தது என்று அவள் பிறந்த வீட்டில் போய்ச் சொன்னாள்.

ஊர் முதலில் செய்தது எந்த ஊரும் செய்வதுதான். காண்டிராக்டரைத் திட்டியது. தாரில் கலப்படம், ஜல்லியில் கலப்படம், போட்டவன் மனசில் கலப்படம் என்று வாய் வலிக்கத் திட்டிய பிறகு, திட்டிக்கொண்டே அந்த ரோட்டோடு வாழப் பழகிக்கொண்டது. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள்தான் அதிகம் புதைந்தார்கள். ஐஸ் வண்டியைப் பார்த்து ஒரு நிமிடம் நின்றால் போதும், முழங்கால்வரை போய்விடும். அதனால் ஐஸ்காரர் ஓடிக்கொண்டே விற்றார், பிள்ளைகள் ஓடிக்கொண்டே வாங்கினார்கள். புதைந்தவர்களை இழுக்க மைல்கல்லில் ஒரு வடக்கயிறு கட்டி வைக்கப்பட்டது. டீக்கடை மாரித்தங்கம் கால் துடைக்க ஒரு டின்னில் மண்ணெண்ணெய் வைத்தாள். தெருவுக்குத் தெரு சோறு வைத்து வளர்த்த வெள்ளை நாய் ஒன்று மத்தியானம் ரோட்டின் நடுவில் படுத்துத் தூங்கி, முதுகு மட்டும் தெரிகிற அளவுக்கு உள்ளே போய்விட்டது. அதைத் தோண்டி எடுக்கப் பஞ்சாயத்துத் தலைவரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

அதே ரோட்டில் சிலர் எவ்வளவு நேரம் நின்றாலும் புதையவில்லை. ஆவுடையப்பன் புதையவில்லை. சுமை தூக்கும் கொம்பையா தலையில் ஒரு மூட்டையை வைத்துக்கொண்டு வீம்புக்கு நின்று பார்த்தார், புதையவில்லை. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை, தெரிந்துகொள்ள அவசரமும் இல்லை. புதைகிறவர்கள் நடந்துகொண்டே இருந்தார்கள், புதையாதவர்கள் நின்று பேசினார்கள். இரண்டு மாதத்தில் அது அந்த ஊரின் நடைமுறை ஆகிவிட்டது.

அவசரம் நெடுஞ்சாலைத் துறைக்குத்தான். ரோட்டைக் கிளறி எடுப்பதா விட்டுவைப்பதா என்று சொல்வதற்குச் சென்னையிலிருந்து முனைவர் அறவாழியை அனுப்பினார்கள். அறவாழிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அதில் பாதி தாரோடு போனது. தார் கல்லும் இல்லை, தண்ணீரும் இல்லை என்பதுதான் அவர் படிப்பின் தொடக்கமும் முடிவும். லாரி சட்டென்று ஓடிப்போனால் அது கல்லாகத் தாங்கும். அதே லாரியை நாள் முழுக்க நிறுத்தி வைத்தால் மெல்ல மெல்ல இளகி இடம் கொடுக்கும். அந்த இளகலை அவர் காகிதத்தில் சில சுருள்வில்களாகவும் சில பிஸ்டன்களாகவும் வரைவார். வில்லை அமுக்கினால் அமுங்கும், விட்டால் திரும்பி வந்துவிடும். பிஸ்டனில் போனது போனதுதான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கட்டினால் மூன்றாவதாக ஒரு குணம் வரும்: திரும்பி வரும், ஆனால் தாமதமாக. எத்தனை வில், எத்தனை பிஸ்டன், எது எதோடு சேர்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால், எந்த ரோடு எந்த வெயிலில் எந்தப் பாரத்துக்கு எவ்வளவு அமுங்கும் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடலாம். அறவாழி சொல்லுவார், பெரும்பாலும் சரியாகவும் இருக்கும்.

மனிதர்கள் விஷயத்தில் அவருக்கு அப்படி ஒரு படம் வரையத் தெரியவில்லை. மனைவி சுபத்ராவிடம், லேப்பிலிருந்து கிளம்ப நேரமாகும்போதெல்லாம், “எனக்காகக் காத்திருக்காதே, சாப்பிட்டுட்டுத் தூங்கு” என்று நல்ல மனதோடுதான் சொன்னார். அவளும் நல்ல மனதோடு கேட்டுக்கொண்டாள். முதலில் சாப்பாட்டுக்குக் காத்திருக்கவில்லை, பிறகு ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்கவில்லை, பிறகு எதற்குமே காத்திருக்கவில்லை. சண்டை இல்லை, கோர்ட் இல்லை, கண்ணீர்கூட இல்லை. அவள் கோயம்புத்தூருக்கு வேலை மாற்றிக்கொண்டு போனாள், அவரே பெட்டியைத் தூக்கி ரயிலில் வைத்துவிட்டு வந்தார். யாரையும் காக்க வைக்கக் கூடாது என்பது அவருக்கு ஒரு மரியாதை. அந்த மரியாதையை அவர் எல்லோருக்கும் செய்து செய்து, கடைசியில் வீட்டுக்கு அவர் வந்தாலும் வராவிட்டாலும் யாருக்கும் தெரியாத நிலைக்கு வந்து சேர்ந்திருந்தார். அடுக்குமாடி வாட்ச்மேன்கூட அவரைக் கதவு எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவான்.

வெயிலுகந்தபுரத்தில் ரேஷன் கடை மாடியில் ஒரு அறை கொடுத்தார்கள். காலையில் இட்லி, மத்தியானம் ஓட்டல் சாப்பாடு, நாலு மணிக்கு மாரித்தங்கம் கடையில் டீ. நாலு மணி என்றால் நாலு மணி. மாரித்தங்கம் தம்ளரைக் கழுவிக் கவிழ்க்கும்போதே அவர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். ரோட்டில் அவர் வேலை சுத்தமாக நடந்தது. ஒரு இரும்புத் தட்டை வைத்தார், அதன்மேல் எடைக்கல்லை ஏற்றினார், பக்கத்தில் ஒரு டயலைப் பொருத்தினார், முள் நகர்வதைப் பார்த்தார். தட்டுக்கு அடியில் ரோடு எந்தக் குறையும் இல்லாத ரோடாக இருந்தது. புத்தகத்தில் எழுதியிருந்தபடியே அமுங்கியது, எழுதியிருந்தபடியே மீண்டது. இரும்புக்கு ஒழுங்காக இருந்த ரோடு மனிதர்களுக்குத்தான் கோணலாக நடந்துகொண்டது.

சரி, மனிதர்களையே நிறுத்திப் பார்ப்போம் என்று முடிவு செய்தார். எந்த அளவைக்கும் ஒரு பூஜ்யம் வேண்டும். எதிலிருந்து கூடுதல், எதிலிருந்து குறைவு என்று சொல்ல அசையாத ஒன்று வேண்டும். முதலில் தானே போய் நின்றார். அவர் எடைக்கும் அன்றைய வெயிலுக்கும் சூத்திரம் சொன்னது ஒரு தலைமுடி அளவு. டயல் காட்டியதும் ஒரு தலைமுடி அளவு. கண்ணுக்குப் புதையாத ஆவுடையப்பனும் கொம்பையாவும்கூட டயலில் கொஞ்சம் கூடுதலாக இறங்கினார்கள். அறவாழி ஒருவர் காலடியில் மட்டும் தார் அவர் எழுதிய சூத்திரத்துக்கு எழுத்துக்கு எழுத்துக் கட்டுப்பட்டது. அவருக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்கூட வந்தது. தன்னையே பூஜ்யமாக வைத்துக்கொண்டு, தினமும் வேலை தொடங்கும் முன் ஒருமுறை நின்று சரிபார்த்துக்கொள்வது என்று வழக்கம் ஏற்படுத்திக்கொண்டார்.

ரோட்டில் வேலை நடந்தால் பலகை வைக்க வேண்டும், பலகை தமிழில் இருக்க வேண்டும் என்பது விதி. பாரத்தைத் தாங்கிக்கொண்டே ஒரு பொருள் மெல்ல மெல்ல நகர்வதற்குக் கலைச்சொல் அகராதியில் ‘ஊர்வு’ என்று போட்டிருந்தது. ‘ஊர்வுச் சோதனை நடைபெறுகிறது, ஒத்துழைப்புத் தரவும்’ என்று ஒரு சீட்டில் எழுதி, போர்டு எழுதும் செண்பகராஜிடம் கொடுத்து அனுப்பினார். மறுநாள் காலையில் அவர் மாடிப்படி இறங்கி வந்தபோது ரோட்டோரத்தில் வரிசை நின்றது. குளித்து, தலை சீவி, சிலர் பிள்ளைகளுக்குப் பவுடர்கூடப் போட்டுக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். வரிசையின் தலைப்பில், நீலத்தில் மஞ்சள் எழுத்தாக, நிழல் கொடுத்து, ‘உறவுச் சோதனை நடைபெறுகிறது’ என்று பலகை நின்றது.

“செண்பகராஜ், நான் என்ன எழுதச் சொன்னேன்?”

“சோதனைன்னு எழுதச் சொன்னிய சார்.”

“என்ன சோதனை?”

“சீட்டுல நீங்க ஊர்வுன்னு எழுதியிருந்திய. அப்படி ஒரு வார்த்தை கிடையாதுல்லா சார். பெரிய படிப்புப் படிச்சவங்க அவசரத்துல பிழையா எழுதிருவாவ, நாமதான் பாத்துத் திருத்திக்கிடணும்னு திருத்திட்டேன்.”

“ஊர்வுன்னா ஊர்றது. தார் மெதுவா ஊர்றது.”

“எறும்புல்லா சார் ஊரும்?” என்றார் செண்பகராஜ். பிறகு, சாரின் முகத்தைப் பார்த்து மனம் இளகி, “பெயிண்ட் காயட்டும் சார், திங்கக்கிழமை மாத்திருதேன்” என்றார்.

திங்கட்கிழமைக்குள் ஊரில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். சென்னையிலிருந்து வந்த சார் யார் யாருக்கு எவ்வளவு உறவு இருக்கிறது என்று மிஷின் வைத்துப் பார்க்கிறார் என்ற செய்தி பக்கத்து ஊர்களுக்கும் போனது. மாமியார்கள் மருமகள்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள், மருமகள்கள் மாமியார்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள், பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி தனித்தனி வரிசையில் நின்று ஓரக்கண்ணால் ஒருவர் டயலை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், வார்டு தேர்தலுக்கு நிற்கப்போகிறவர் ஆதரவாளர்களோடு வந்து நின்று சுண்டுவிரல் நகமளவுகூட இறங்காமல் ரோடு எதிர்க்கட்சி ஆட்களால் போடப்பட்டது என்று சொல்லிவிட்டுப் போனார். சிவகாமி பிறந்த வீட்டிலிருந்து திரும்பி வந்து நின்றாள். இப்போது இரண்டு வீட்டிலும் அவளைத் தேடினார்கள், முன்னைவிட நாலு விரற்கடை ஆழம் போனாள். லாரி டிரைவர் பரமசிவன் வடக்கே போய்விட்டு வந்து வண்டியிலிருந்து குதித்த வேகத்தில் தொடைவரை இறங்கினார். அவர் மாரித்தங்கத்தின் புருஷன். அவள் டீ ஆற்றிக்கொண்டே அதைப் பார்த்துவிட்டு, “இந்த மனுசனுக்கு இறங்கவும் தெரியல, ஏறவும் தெரியல” என்று சலித்துக்கொண்டாள். அந்தச் சலிப்பில் கடையே சிரித்தது.

அறவாழி பலகையை மாற்றச் சொல்வதை விட்டுவிட்டார். தவறான பலகைதான், ஆனால் இத்தனை பேரை அவர் கூப்பிட்டால் வந்திருக்க மாட்டார்கள். எடையைப் பார்த்தார், பொருந்தவில்லை. செருப்பைப் பார்த்தார், வயதைப் பார்த்தார், நின்ற இடத்து நிழலைப் பார்த்தார், எதுவும் பொருந்தவில்லை. கடைசியில் வெட்கத்தோடு, யாருக்கும் தெரியாமல் தன்னிடமே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, வீட்டில் எத்தனை உறவு என்று ஒவ்வொருவரிடமும் விசாரிக்கத் தொடங்கினார். அது ஏறக்குறையப் பொருந்தியது. செண்பகராஜுக்கு அன்று தலைகால் புரியவில்லை. “நான் எழுதுனது பிழையில்ல பாத்தியளா?” என்று ஒவ்வொரு வரிசையாகப் போய்ச் சொன்னார்.

தபால்காரர் இருளப்பன் வந்து நின்ற அன்று எல்லாம் குலைந்தது. இருளப்பனுக்குத் தாய் தகப்பன் இல்லை, கல்யாணம் இல்லை, கூடப்பிறந்தவர் இல்லை. அநாதை இல்லத்தில் வளர்ந்து வேலைக்கு வந்தவர். அவர் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டுவிட்டு வேடிக்கையாக நின்றார், கெண்டைக்கால் மறையும்வரை இறங்கினார். அவருக்கு முன்னால் நின்ற, உடன்பிறந்தவர்களும் மகன்களுமாக ஒரு வீடு நிறைய ஆள் வைத்திருக்கும் பால்பண்ணை வேலாயுதம் ஒரு நகக்கண் அளவுதான் இறங்கியிருந்தார். வேலாயுதத்தின் ஆட்கள் கூச்சல் போட்டார்கள். மிஷின் பொய், சார் பொய், சாதி பார்த்து முள்ளைத் திருப்புகிறார் என்றார்கள். சத்தத்துக்கு நடுவில் இருளப்பன் தாருக்குள் நின்றபடியே கையெடுத்துக் கும்பிட்டார்.

“அண்ணாச்சிமாரே, சண்டைய அப்புறம் போடுங்க, என்னைய மொதல்ல தூக்கி விடுங்க. பென்ஷன் வீட்டு ஆளுக எல்லாம் வாசல்ல உக்காந்து என்னைய வழி பாத்துக்கிட்டு இருப்பாவ.”

கூச்சல் நின்றது. வழி பார்க்கிறார்கள் என்று நாமெல்லாம் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்கிறோம், சொல்லும்போது வழியையும் நினைப்பதில்லை, பார்ப்பதையும் நினைப்பதில்லை. அந்த ரோடு அதை அப்படியே எடுத்துக்கொண்டிருந்தது. எங்கேயோ ஒரு வாசலில் ஒருவருக்காக இன்னொருவர் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தால், அந்தப் பார்வையின் பாரமும் சேர்ந்து அவர் காலை இந்த வழிக்குள் இறக்கியது. வேலாயுதம் எப்போது வெளியே போவார் என்றுதான் அவர் வீட்டில் பார்த்தார்கள். ஆவுடையப்பன் அந்தக் கொஞ்சம் இறங்கியதும் கடைச் சாவி அவர் மடியில் இருந்ததால்தான். கடைப் பையன்கள் சாவிக்காகப் பார்த்திருந்தார்கள். ஊர் இதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. அப்படித்தானே இருக்கும் என்றது. அன்று பலரும் வீட்டுக்குச் சீக்கிரமாகப் போனார்கள், சிலர் வேண்டுமென்றே தாமதமாகப் போனார்கள்.

அறவாழி அறைக்குப் போய்த் தன் சூத்திரத்தில் ‘வ’ என்று ஓர் எழுத்தைச் சேர்த்தார். வ என்றால் வழி பார்ப்பவர்கள். சேர்த்ததும், அதுவரை திசைக்கொன்றாகக் கிடந்த அளவுகள் எல்லாம் சொல்பேச்சுக் கேட்டு ஒரே கோட்டில் வந்து உட்கார்ந்தன. அவர் வாழ்நாளில் அவ்வளவு அழகான கோடு அவருக்கு வந்ததில்லை. எழுந்து அறைக்குள் இரண்டு நடை நடந்தார், யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. திரும்ப வந்து பார்த்தபோதுதான் கோடு தொடங்குகிற இடம் கண்ணில் பட்டது. வ ஒன்றுமே இல்லாமல் இருக்கும் அந்த இடத்தில் ஒரே ஒரு புள்ளி இருந்தது. அந்தப் புள்ளி அவர்.

கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். சத்தம் போட்டு அழத் தெரியாததால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஜலதோஷம் பிடித்தவரைப்போல அழுதார். பிறகு முகம் கழுவிவிட்டுச் சுபத்ராவுக்குப் போன் செய்தார்.

“சொல்லுங்க. உடம்பு எதுவும் சரியில்லையா?” என்றாள் அவள்.

“இல்ல, நல்லாத்தான் இருக்கேன். சும்மா.”

“சும்மாவா?” அவள் குரலில் கோபம் இல்லை, அன்பில் ஒன்றும் குறைவில்லை. “எந்த ஊர்ல இருக்கீங்க?”

அவர் ஊரைச் சொன்னார். எப்போது திரும்புவீர்கள் என்று அவள் கேட்பாள் என்று சற்று நேரம் இருந்தார். அவள் கேட்கவில்லை, கேட்கக் கூடாது என்று அவர்தான் ஒரு காலத்தில் சொல்லிக் கொடுத்திருந்தார். வெயிலில் அலையாதீர்கள் என்று சொல்லிவிட்டு அவள் வைத்துவிட்டாள்.

இந்த விஷயம் ஊருக்குத் தெரிந்தது செண்பகராஜால். பலகைக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டே, “நீங்க நின்னு பாத்தியளா சார்? உங்களுக்கு எம்புட்டு?” என்று கேட்டார். பொய் சொல்லத் தெரியாத அறவாழி, “நான்தான் பூஜ்யம்” என்றார். செண்பகராஜ் பிரஷ்ஷை டின்னில் போட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அன்று பொழுது சாய்வதற்குள் ரேஷன் கடை மாடிக்கு மூன்று வீட்டுக் குழம்பு வந்து சேர்ந்தது.

ஒரு மனிதன் இப்படி நம் ஊரில் இருக்கிறானே என்பது வெயிலுகந்தபுரத்துக்கு அவமானமாகப் போய்விட்டது. அவரை முறை வைத்துக் கூப்பிடத் தொடங்கினார்கள். அதுவரை சார் என்றவர்கள் சித்தப்பா என்றார்கள், மாமா என்றார்கள், பஞ்சாயத்துத் தலைவர் மச்சான் என்றார். அவர் தெருவில் போனால் நலம் விசாரித்தார்கள், குளித்தீர்களா, கழித்தீர்களா என்றுகூட விசாரித்தார்கள். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை ரோட்டின் நடுவில் நிறுத்தி, ஊரே இரண்டு பக்கமும் நின்று, எல்லோரும் சாரை நினைத்துக்கொள்ளுங்கள் என்று தலைவர் சொல்ல, எல்லோரும் கண்ணை மூடி நினைத்தார்கள். உருக்கமாக நினைத்தார்கள், சில பெண்கள் கண் கலங்கினார்கள். டயல் தலைமுடி அளவிலேயே நின்றது. கண் எதிரில் நிற்கிற ஆளை வழி பார்க்க முடியாது என்று யாருக்கும் தோன்றவில்லை. வெயில் ஏறியது, பிள்ளைகளுக்குக் கால் புதையத் தொடங்கியது, ஒவ்வொருவராகக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு விலகினார்கள். போகிறவர்கள் அவர் முகத்தைப் பார்க்காமல் போனார்கள். நடு ரோட்டில் தனியாக நிற்பது அவருக்குப் புதிதில்லை, ஆனால் அத்தனை பேர் முயன்றும் நிற்பது பெரிய துக்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு ஊர் அவரை மெல்லப் பழையபடி சார் என்று கூப்பிட ஆரம்பித்தது. அவரும் அதையே விரும்பினார். ரோட்டில் குறையில்லை, பொருளில் பழுதில்லை, விட்டுவைக்கலாம் என்று அறிக்கை எழுதி முடித்தார். அந்த வ-வை மட்டும் என்னவென்று விளக்காமல் விட்டார். கடைசியாக ஒருமுறை பூஜ்யத்தைச் சரிபார்த்துவிட்டால் வேலை முடிந்தது. சாயங்காலப் பஸ்ஸுக்குச் சீட்டு எடுத்தாகிவிட்டது.

கிளம்ப வேண்டிய அன்று வெயிலுகந்தம்மன் கோயிலில் தேர். மத்தியானத்திலிருந்தே ஊர் காலி. தாலுகா ஆபீஸ் ஆட்களோடு பேசி, பெட்டியில் கருவிகளை அடுக்கி, தட்டையும் கல்லையும் வண்டியில் ஏற்றி அனுப்பி, கடைசி டயலோடு அவர் ரோட்டில் வந்து நின்றபோது நாலு மணி தாண்டிவிட்டது. அவர் கவனிக்கவில்லை. ரோட்டில் ஆளில்லை, பஸ் இல்லை, நாய்கூடத் தேர் பார்க்கப் போயிருந்தது. தூரத்தில் மேளச் சத்தம் கேட்டது. சோதனை விதிப்படி, நேரம் முடியும்வரை நிற்பவர் காலை அசைக்கக் கூடாது, முள் நின்ற பிறகுதான் அளவைப் படிக்க வேண்டும். அவர் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். வழக்கம்போல முடிந்துவிடும், கிளம்பிவிடலாம் என்று நினைத்தார்.

குதிகாலில் ஒரு வெதுவெதுப்பு தெரிந்தது. குனிந்து பார்த்தார். முள் தலைமுடி அளவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. டயல் கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார். தட்டிப் பார்த்தார், கெடவில்லை. ஷூவின் விளிம்பைச் சுற்றித் தார் கருப்பாகப் பளபளத்துக்கொண்டு, மிக மெதுவாக, ஊர்ந்து மேலே வந்தது. யாராக இருக்கும்? சுபத்ராவா? இருக்காது. இந்த நேரத்தில் உலகத்தில் யார் தன்னை வழி பார்க்க முடியும் என்று, தொலைந்த பொருளைத் தேடுகிறவரைப்போல, தெரிந்த முகங்களை எல்லாம் மனதில் புரட்டினார். ஒருவரும் அகப்படவில்லை. முள் போய்க்கொண்டே இருந்தது.

“ஏ சாரே! அங்கன என்ன தவமா பண்ணுதிய?”

டீக்கடைக்கு உள்ளேயிருந்து வாசலுக்கு வந்து மாரித்தங்கம் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள். தலை நிறையப் பூ, தேருக்கு உடுத்திய புதுச்சேலை, முகத்தில் கொள்ளைக் கோபம்.

“ஊருபூரா தேருக்குப் போயாச்சு. ஒத்த ஆளு நாலு மணிக்கு வந்துருவாரேன்னு அடுப்ப அணைக்காம எம்புட்டு நேரமா வாசலப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கேன்! பாலு வத்திச் சுண்டிப் போச்சு. வாரியளா, நான் கடையச் சாத்தவா?”

அவருக்கு எல்லாம் ஒரே நொடியில் புரிந்தது. இரக்கப்பட்டவர்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு அவரை நினைத்தார்கள். இவள் எரிச்சலோடு வாசலைப் பார்த்தாள், அவ்வளவுதான் வித்தியாசம். இத்தனை வாரமும் நேரம் தவறாமல் போய்ப் போய், அவளுக்கு ஒருநாள்கூட அதற்கு இடம் கொடுக்காமல் இருந்திருக்கிறார். முள் இன்னும் நிற்கவில்லை. நின்றால்தான் அளவு. அந்த ஒரு அளவு கிடைத்துவிட்டால், உலகத்தில் தனக்கு எவ்வளவு என்று எழுதி வைத்துக்கொள்ளலாம். இன்னும் சில நிமிடம் அசையாமல் நின்றால் போதும். ஆனால் அதற்குள் அவள் அடுப்பை அணைத்துவிடுவாள்.

ஷூவோடு கால் வரவில்லை. நாடாவை அவிழ்த்தார், ஒரு காலை உருவினார், மறு காலை உருவினார், கொதிக்கிற ரோட்டில் வெறுங்காலோடு, ஐம்பது வயது தாண்டிய முனைவர் ஒருவர் எப்படியெல்லாம் ஓடக் கூடாதோ அப்படியெல்லாம் துள்ளிக்கொண்டு ஓடினார். “வந்துட்டேன்! இதோ வந்துட்டேன்!” என்று கத்தினார். அப்படிக் கத்திப் பல வருடம் ஆகியிருந்ததால் குரல் கீச்சென்று வந்தது.

மாரித்தங்கம் அவர் காலைப் பார்த்தாள், ரோட்டில் தனியாக நிற்கும் ஷூக்களைப் பார்த்தாள். என்னவென்று கேட்க அவளுக்கு நேரமில்லை. ஒரு வாளித் தண்ணீரை அவர் முன்னால் நகர்த்திவிட்டு, சுண்டிய பாலில் கடைசி டீயை ஆற்றி பெஞ்சில் டம்மென்று வைத்தாள். அடுப்பில் தண்ணீர் தெளித்தாள், தகரத்தைப் பாதி இழுத்துச் சாத்தினாள். அவர் காலைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு டீயைக் குடித்தார். கசந்தது. அங்கே ரோட்டில் டயலின் முள் நின்றிருக்குமோ, திரும்பியிருக்குமோ தெரியாது. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

“தம்ளரக் கழுவிக் கவுத்துட்டுப் போங்க” என்று படியிறங்கினாள் மாரித்தங்கம். நாலடி போனவள் திரும்பினாள். “நாளைக்காவது நேரத்துக்கு வந்து தொலைங்க. உங்களப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்க எனக்கு வேற வேல இல்லையா?”

அவர் சட்டைப் பையில் சாயங்காலப் பஸ்ஸின் சீட்டு இருந்தது. யாரையும் காக்க வைத்து அறியாத அறவாழி தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக அந்த மரியாதையற்ற சொல்லைச் சொன்னார்.

“நாளைக்கும் கொஞ்சம் லேட்டாகும்ங்க. ஆனா வந்துருவேன்.”